கொண்டையில் கறுப்புப் பொருக்கு, ஒரு கண் மூடிக் கிடக்கிறது: இது கோழி அம்மைதானா, எல்லாவற்றையும் அறுத்துவிட வேண்டுமா?

வணக்கம் சகோதரி. பின்னால் வந்து படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று நீங்கள் கேட்டதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பினாங்கில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 11 நாட்டுக்கோழி வளர்க்கிறீர்கள். போன வாரத்திலிருந்து மூன்று கோழிக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மாதிரி வந்து கறுத்துப் போயிருக்கிறது. ஒன்று இடது கண்ணைத் திறக்கவே இல்லை, இன்னொன்றுக்கு முகம் வீங்கி மூக்கு ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார், உங்கள் மாமனார் எல்லாவற்றையும் அறுத்துவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்கிறார், தீனிக்கடைக்காரர் ஒரு மஞ்சள் பொடியை விற்றுவிட்டார். நீங்கள் கேள்வியாக எழுதியது "எந்த மருந்து நல்லது" என்பது மட்டும்தான், ஆனால் கடிதத்தை முழுதாகப் படித்தால் உங்களைத் தூங்க விடாதவை வேறு: இவை பிழைக்குமா, மற்ற எட்டுக்கும் பரவுமா, கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரியும் பிள்ளைகளுக்கு ஒட்டுமா. அதனால் இந்த வரிசையிலேயே பதில் சொல்லப் பார்க்கிறேன், மருந்து தானாக நடுவில் வரும்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. கால்நடைத் துறையில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது நிபோங் திபாலில் வீட்டோடு கோழி வைத்திருக்கிறேன். செபராங் பிறையில் கம்பம் கம்பமாக, அதாவது கிராமம் கிராமமாக, கோழிகளுக்குத் தடுப்பூசி போட்ட கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் கோழி அம்மையை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று படங்களை வைத்துக்கொண்டு சொல்வதற்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லை எங்கே வருகிறது என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுவேன். முதலில் ஆறுதலான செய்தி: நான் நினைப்பது சரியென்றால் உங்கள் கோழிகளில் பெரும்பாலானவை பிழைக்கும், யாரும் எதையும் இன்றிரவு அறுக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு படங்களில் எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு. கோழி அம்மை தொடங்கும்போது கொண்டை, தாடி, கண் இமை, அலகின் ஓரம் என்று இறகு இல்லாத இடங்களில் சாம்பல் படிந்தது போல வெளுத்த சின்னப் புள்ளிகள் தெரியும். இரண்டு மூன்று நாளில் அவை மஞ்சளாகி, பருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேடு பள்ளமான மருவாகி, பிறகு காய்ந்து பழுப்பாகவோ கறுப்பாகவோ பொருக்குத் தட்டும். ஒரே கொண்டையில் புதுப் புள்ளி, மரு, காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் இதன் முக்கிய அடையாளம், அது உங்கள் முதல் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. சேவல் கொத்திய காயமாக இருந்தால் கீறல் போல நீளமாக இருக்கும், எல்லாம் ஒரே வயதுக் காயமாக இருக்கும், பெரும்பாலும் கொண்டையோடு நிற்கும், இமைமேல் ஏறாது. கொண்டைமேல் மாவு தூவியது போல வெள்ளையாகப் படர்ந்தால் அது பூஞ்சை. கண்ணைச் சுற்றி மிளகைக் குத்தி வைத்தது போலக் கரும்புள்ளிகள் ஒட்டிக்கொண்டு, நகத்தால் நிமிண்டினால் கால் அசைத்தால், அது ஒட்டுண்ணித் தெள்ளு, அதற்கு வைத்தியமே வேறு. காலில் செதில் தூக்கிக்கொண்டு நிற்பதையும் சிலர் அம்மை என்று சொல்வார்கள், அது சொறிப்பூச்சி. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பொருக்குக்கு அடியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், உயிரணுக்களுக்குள் போலிங்கர் உருண்டைகள் என்று சொல்லப்படும் உள்ளடக்கங்கள் தெரிந்தால் விஷயம் முடிந்தது. 11 கோழிக்கு அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்றால், அடுத்து சொல்லப்போகும் மூன்றாவது கோழிக்காக வேண்டுமானால் யோசிக்கலாம்.

அதற்கு முன், படத்தில் இல்லாத ஒன்றை நீங்கள் இன்று பார்க்க வேண்டும். மூன்று கோழியின் வாயையும் திறந்து பாருங்கள். அம்மை இரண்டு விதமாக வரும். தோலில் வருவது ஒன்று, வாய், தொண்டை, மூச்சுக்குழல் வாயில் வருவது இன்னொன்று, சில கோழிக்கு இரண்டும் சேர்ந்தே வரும். தோலோடு நின்றால் சாவு குறைவு. உள்ளே வந்தால் மஞ்சளாகத் தயிர்க்கட்டி போல ஒரு படலம் நாக்கின் அடியிலும் மேலண்ணத்திலும் மூச்சுத் துவாரத்தைச் சுற்றியும் படியும், கோழி தின்ன முடியாமல் மெலியும், கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சு விடும், அந்தப் படலம் பெருத்து மூச்சை அடைத்தால் செத்தும் போகும். இந்த உள்வகை தாக்கிய மந்தையில் சாவு பாதியைக்கூடத் தொடலாம். கோழியை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீழலகைக் கட்டைவிரலால் மெதுவாகக் கீழே தள்ளி, கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால் போதும், அரை நிமிட வேலை. நாக்கின் அடிப்பக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடுவது தெரியும், அதுதான் மூச்சு வழி. அது சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் உங்கள் கோழிகளின் நிலைமையைத் தீர்மானிக்கும் முதல் விஷயம், கொண்டையில் எத்தனை மரு இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான். வாய்க்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலே அம்மை என்றும் முடிவு கட்டாதீர்கள். வைட்டமின் ஏ குறைந்தாலும் தொண்டையில் வெண்பருக்கள் வரும், பூஞ்சையும் வரும், புறாக்களோடு தண்ணீர் குடிக்கும் கோழிக்கு வேறு ஒரு ஒட்டுண்ணியாலும் மஞ்சள் கட்டி வரும். தோலில் மருவும் வாயில் படலமும் ஒரே கூண்டில் இருந்தால்தான் இரண்டும் அம்மை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது மூன்றாவது படம். கண்ணுக்குக் கீழே பை போல வீக்கம், மூக்கில் ஒழுகல், கொண்டையில் இரண்டே இரண்டு பொருக்கு. இதில்தான் நான் தயங்குகிறேன். அம்மையோடு பாக்டீரியா சேர்ந்து முகம் வீங்கியிருக்கலாம், அல்லது இது கொறைசா என்கிற சளிநோயாகவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றாக இருப்பதும் நடக்கிறதுதான். வீட்டில் இருந்தே பார்க்க இரண்டு வழி உண்டு. மூக்குச் சளியை ஒரு துணியில் துடைத்து மோந்து பாருங்கள், கொறைசாவில் அழுகிய நாற்றம் அடிக்கும், மறக்க முடியாத நாற்றம். இன்னொன்று வேகம். கொறைசா ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்கு ஒன்று முதல் மூன்று நாளில் தாவிவிடும், ஒரு வாரத்தில் பாதிக் கூண்டுக்கு முகம் வீங்கிவிடும். அம்மை சோம்பேறித்தனமாக நகரும், இந்த வாரம் இரண்டு, அடுத்த வாரம் மூன்று என்று. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், கொறைசாவுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்கும், அம்மைக்குக் கேட்காது. எனவே மூன்றாவது கோழியை மட்டும் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள் என்பேன், மற்ற இரண்டுக்கும் அவ்வளவு அவசரம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நன்றாக இருந்த கோழிகள் ஒரே நாளில் இரண்டு மூன்றாகச் சாவது, கொண்டை நீலம் பாய்வது, கழுத்து திருகுவது, பச்சையாகக் கழிவது, இதெல்லாம் அம்மை கிடையாது. மலாய்க்காரர்கள் சம்பார் என்று சொல்லும் வெள்ளைக் கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். பறவைக் காய்ச்சலின் எச்5என்1 கிருமி 2004-ல் கிளந்தானிலும் 2006-ல் நம் பினாங்கிலும் வந்துபோனது. அப்படி ஒரு நிலைமை வந்தால் செத்த கோழியைத் தொடாமல் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போன் போடுவதுதான் முதல் வேலை. நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறி எதுவும் இல்லை.

சரி, மருந்து. கோழி அம்மை ஒரு வைரஸால் வருகிறது, அந்த வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் கோழிக்கு இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வைரஸ் உடலில் நுழைந்த 4 முதல் 10 நாளில் புள்ளி தெரியும், அப்புறம் கோழியின் உடலே அதை எதிர்த்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொருக்கு தானாக உதிர்ந்து கீழே புதுத் தோல் தெரியும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மூன்றாவது வாரத்தில் யார் எதைப் பூசினாலும் அது "கைகண்ட மருந்து" ஆகிவிடும். தேங்காயெண்ணெய் பூசியவர் தேங்காயெண்ணெய் என்பார், காமாட் எண்ணெய் (கடல் அட்டை எண்ணெய்) பூசியவர் அதைச் சொல்வார், உபாட் கூனிங் என்கிற மஞ்சள் புண்மருந்தைத் தடவியவர் அதை விட்டால் வேறு மருந்தே இல்லை என்று சத்தியம் செய்வார். ஒருவரும் பொய் சொல்லவில்லை, எதுவுமே பூசாத கோழியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதால் கெடுதல் இல்லை, இரண்டுக்கும் கிருமியை ஓரளவு அடக்கும் குணம் உண்டு, ஈ மொய்ப்பதும் குறையும், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அது அம்மையைச் சீக்கிரம் ஆற்றும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், கண்ணுக்குள் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய், பேட்டரித் தண்ணீர் இவற்றை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதைப் பூசித் தோல் வெந்து, அம்மையில் சாகாத கோழி வைத்தியத்தில் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். மனிதருக்கு வாயோரப் புண்ணுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் களிம்பைப் பூசலாமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார், அது ஹெர்ப்பிஸ் வகை வைரஸுக்காகச் செய்தது, அம்மை வைரஸ் வேறு குடும்பம், காசுக்குத்தான் கேடு.

இன்னொருவர் "அம்மா வந்திருக்கும்போது கோழியைத் தொடாதே, வேப்பிலையைக் கட்டிவிட்டுச் சும்மா இரு" என்று எழுதியிருந்தார். எங்கள் தோட்டத்து வீட்டிலும் பாட்டி அப்படித்தான், கூண்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும், கோழி கொத்து கொத்தாகச் செத்தாலும் மருந்துப் பேச்சு எடுக்கக் கூடாது. வேப்பிலை தாராளமாகத் தொங்கட்டும். தொடாமல் இருப்பதில்தான் எனக்குச் சண்டை. ஏனென்றால் தோல் அம்மையில் சாகும் கோழிகளைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் இல்லை, பசியும் தாகமும்தான். இமையில் மரு வந்து கண் மூடிக்கொள்கிறது, தீனித் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை, தண்ணீர் எங்கே என்று தெரிவதில்லை, மற்ற கோழிகள் கொத்தி விரட்டுகின்றன, நாலைந்து நாளில் நெஞ்செலும்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் வேலை அம்மையை ஆற்றுவது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அதைக் கோழி பார்த்துக்கொள்ளும். அது ஆறும் வரைக்கும் கோழியைத் தின்ன வைத்து, குடிக்க வைத்து, கண்ணைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் உங்கள் பங்கு.

கண் மூடிய கோழிக்கு இன்றிரவே தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி, போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது பஞ்சை நனைத்து மூடிய இமைமேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் காய்ந்த பீளை ஊறிப்போகும், உள்மூலையிலிருந்து வெளியே துடையுங்கள், இமை தானாகத் திறந்தால் திறக்கட்டும், நகத்தை விட்டுப் பிரிக்கக் கூடாது. உள்ளே பாலாடைக்கட்டி போலச் சீழ் திரண்டிருந்தால் அதை ஊறவைத்து ஊறவைத்து இரண்டு மூன்று வேளையில்தான் எடுக்க வேண்டும், எடுக்க வராவிட்டால் மருத்துவரிடம் விடுங்கள். காலை மாலை இரண்டு வேளை இதைச் செய்து, ஃபார்மசியில் கேட்டு ஸ்டீராய்டு கலக்காத கண் களிம்பாக வாங்கித் தடவலாம். ஸ்டீராய்டு கலந்ததைத் தவறிக்கூடப் போடாதீர்கள், வைரஸுக்கு அது கொண்டாட்டம். கொண்டையிலும் தாடியிலும் இருக்கும் பொருக்குக்குப் பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, சீனி போடாத தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்ததும், பஞ்சால் ஒற்றி எடுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். பிய்த்தால் ரத்தம் வரும், அந்த வழியாகப் பாக்டீரியா நுழையும், பிய்ந்து விழுந்த துணுக்கில் உயிரோடு இருக்கும் வைரஸ் மாதக்கணக்கில் கூண்டு மண்ணில் கிடந்து அடுத்த குஞ்சுக்குக் காத்திருக்கும்.

நோய்க்கோழி மூன்றையும் தனியாக வையுங்கள், கொறைசா சந்தேகம் உள்ளதை அந்த இரண்டிலிருந்தும் தனியாக. தனியாக வைப்பதால் அம்மை பரவுவது நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், கொசு இரண்டு கூண்டுக்கும் பறந்து போகும். ஆனால் எது தின்கிறது, எது தின்னவில்லை என்று உங்களுக்குத் தெரியும், மற்றவை கொத்துவதும் நிற்கும், பாதி வைத்தியம் அதிலேயே முடிந்தது. தீனியை வெந்நீரில் குழைத்துக் கொடுங்கள். பப்பாளி, பூசணி, முருங்கைக்கீரை, அவித்த மஞ்சள் கரு எல்லாம் நல்லது, வைட்டமின் ஏ தோலும் தொண்டைச் சவ்வும் ஆறுவதற்குத் தேவைப்படுகிற சத்து. தீனிக்கடையில் கிடைக்கும் வைட்டமின் பொடியைப் பொட்டலத்தில் எழுதிய அளவுக்குத் தண்ணீரில் கலக்கலாம், இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு நல்லது என்று இல்லை, வைட்டமின் ஏ உடலில் தேங்கி நஞ்சாகும் சத்து. இரண்டு கண்ணும் மூடிய கோழி என்றால் அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள், குடிக்கத் தொடங்கிவிடும். ராத்திரி கூண்டில் அடைக்கும்போது கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். நிரம்பியிருந்தால் நிம்மதியாகப் போய்ப் படுங்கள்.

வாய்க்குள் படலம் இருந்தால் கதை வேறு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அயோடின் தடவுவது என்று ஒரு பழைய முறை இருக்கிறது. அனுபவம் உள்ள கை செய்தால் மூச்சு அடைத்த கோழியைக் காப்பாற்றும், இல்லாவிட்டால் அடியில் ரத்தம் பெருகி அந்த ரத்தமே மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காணொளியைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. மூச்சுத் துவாரம் திறந்திருக்கிறது, கஞ்சி போலக் கொடுத்தால் விழுங்குகிறது என்றால் பொறுத்துப் பார்க்கலாம். வாயைப் பிளந்து மூச்சு விடுகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் போல ஒலி வருகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அங்கும் முடியாது என்றால் அந்த ஒரு கோழியை வேதனைப்படாமல் முடித்துவிடுவதில் தப்பே இல்லை.

தீனிக்கடைப் பொடியைப் பற்றி. நீங்கள் எழுதிய பெயரைப் பார்த்தால் அது ஆக்சிடெட்ராசைக்ளின், ஆன்டிபயாட்டிக். அம்மை வைரஸை அது ஒன்றும் செய்யாது. பொருக்கில் சீழ் பிடித்தால், முகம் வீங்கினால், கொறைசா என்று உறுதியானால் அதற்கு ஒரு வேலை உண்டு. "அம்மைக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டவே வேண்டாம்" என்று சிலர் அடித்துச் சொல்வதும் முழு உண்மை இல்லை, "எதற்கும் இருக்கட்டும்" என்று 11 கோழியின் தண்ணீரிலும் கலப்பதும் சரியில்லை. தண்ணீரில் கலக்கும்போது நன்றாக இருக்கும் கோழிதான் நிறையக் குடிக்கும், தேவைப்படும் நோய்க்கோழி இரண்டு மடக்கோடு நிறுத்திவிடும். எனவே மூன்றாவது கோழியைப் பார்க்கும் மருத்துவர் எந்த மருந்து, எத்தனை நாள் என்று சொல்லும் வரை பொட்டலத்தைப் பிரிக்காமல் வையுங்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் அந்தக் கோழிகளின் முட்டையை, பொட்டலத்தில் போட்டிருக்கும் விலக்கு நாள் முடியும் வரை, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மற்ற எட்டுக்கும் வருமா? வரலாம், ஆனால் அதில் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. அம்மை பரவுவதற்கு நம் ஊரில் முதல் குற்றவாளி கொசு. நோய்க்கோழியைக் கடித்த கொசுவின் வாய்முள்ளில் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது, அதோடு அடுத்தடுத்துப் பல கோழியைக் கடிக்கிறது, வாரக்கணக்கில் அதனால் பரப்ப முடியும். கொசுவுக்கு எட்டும் இடம் இறகில்லாத முகம்தான், மரு முகத்தில் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதற்கு அடுத்தபடி சண்டைக் காயம், கொத்தல், பொருக்குத் தூள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் பின்னால் அம்மை கிளம்புவதைப் பலரும் கவனித்திருப்பீர்கள், பூச்சாடித் தட்டிலும் பழைய டயரிலும் தண்ணீர் தேங்குவதுதான் காரணம். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு நம் வெக்கையில் ஒரு வாரம், பத்து நாள் போதும், எனவே வாரத்துக்கு ஒரு முறை தேங்கியதையெல்லாம் கொட்டினால் ஒரு தலைமுறையே போய்விடும். கோழியின் தண்ணீர்த் தட்டை மறந்துவிடுகிறார்கள், அதைத் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். ராத்திரி கடிப்பது பெரும்பாலும் சாக்கடைக் கொசு, கோழியும் அந்த நேரத்தில்தான் ஆடாமல் அசையாமல் கம்பில் உட்கார்ந்திருக்கிறது. பொழுது சாயும்போதே கூண்டை நுண்ணிய கொசுவலையால் நான்கு பக்கமும் மூடிவிடுங்கள், காற்றுப் போகட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். மூடிய கூண்டுக்குள் கொசுவத்தி கொளுத்துவது கோழியின் நுரையீரலுக்கு ஆகாது. டெங்கிக்காகப் புகை அடிக்க வரும் நாளில் தீனியையும் தண்ணீரையும் மூடி வையுங்கள், முடிந்ததும் தண்ணீரை மாற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் அடுத்த பத்து நாளில் ஒன்றிரண்டுக்குப் புதுப் புள்ளி வரக்கூடும், அது ஏற்கெனவே உள்ளே போன வைரஸ், நீங்கள் செய்தது வீண் என்று விட்டுவிடாதீர்கள்.

தடுப்பூசி உண்டு, நல்ல தடுப்பூசி. உயிருள்ள வைரஸ் தடுப்பு மருந்து, இரண்டு முனை உள்ள ஊசியில் தோய்த்து இறக்கையின் உள்பக்கச் சவ்வில், ரத்தக்குழாயில் படாமல், ஒரு குத்துக் குத்துவார்கள். தண்ணீரில் கலக்கக் கூடாது, கண்ணில் விடக் கூடாது. குத்திய இடத்தை 7 முதல் 10 நாளில் பார்த்தால் சின்ன வீக்கமோ பொருக்கோ தெரிய வேண்டும், தெரிந்தால் பிடித்துவிட்டது, ஒன்றுமே இல்லை என்றால் மருந்து கெட்டுப்போயிருக்கலாம் அல்லது குத்து இறகில் பட்டிருக்கலாம், திரும்பப் போட வேண்டும். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் வரை ஆகும். நோய் வந்த பிறகு போடலாமா என்றால், மந்தையில் 30 சதவீதத்துக்குள் நோய் இருந்தால் மற்றவற்றுக்குப் போடலாம் என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. உங்கள் 11-ல் 3 என்பது 27 சதவீதம், விளிம்பில் நிற்கிறீர்கள், மூன்றாவது அம்மையே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. போடுவதென்றால் இந்த வாரமே. மரு உள்ள கோழிக்குப் போடக் கூடாது, தேவையும் இல்லை, ஆறிய பிறகு அதற்குத் தன் எதிர்ப்புச் சக்தியே காவல். முகம் வீங்கியதற்கும் இப்போது வேண்டாம். ஒரே ஒரு தொந்தரவு, இந்த மருந்து 500, 1,000 கோழிக்கான புட்டியாக வருகிறது, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து நாளைக்குப் போட முடியாது. எட்டுக் கோழிக்கு ஒரு புட்டி என்றால் மனசு வராது. அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே காலையில் எல்லாருக்கும் போட்டுவிடுவதுதான் கம்பங்களில் நாங்கள் செய்துவந்த வழி. மருந்து எங்கே கிடைக்கும் என்று மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள், மலாயில் சாச்சார் ஆயாம் அல்லது புரு என்றால் புரிந்துகொள்வார்கள். வாங்கும்போது ஐஸ்பெட்டி கொண்டுபோங்கள், மிஞ்சிய மருந்தையும் காலிப் புட்டியையும் குளோராக்ஸில் (ப்ளீச்) ஊறவைத்த பிறகு எறியுங்கள், அது உயிருள்ள வைரஸ்.

பிள்ளைகளைப் பற்றி. கோழி அம்மை மனிதருக்கு வராது. பிள்ளைகளுக்கு வரும் சின்னம்மை ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ், அதற்கும் கோழிக்கும் சம்பந்தமே இல்லை. பறவை அம்மை வைரஸ்கள் நம் உடலில் பெருக முடியாதவை, அந்தக் குணத்துக்காகவே ஆராய்ச்சியாளர்கள் அவற்றை மனிதத் தடுப்பூசிகளுக்கு வாகனமாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2009-ல் முடிவு வெளியிட்ட எச்ஐவி தடுப்பூசிச் சோதனையில் கேனரிக் குருவியின் அம்மை வைரஸைத்தான் வைத்தார்கள். ஆகவே அம்மைக்காகப் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மொனெல்லா எந்தக் கோழியிலும் இருக்கலாம், நோய்க்கோழியை இப்போதைக்குத் தூக்க வேண்டாம். முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், மருந்து கொடுக்காத வரை. முட்டை குறையும், சில கோழி நிறுத்திவிடும், ஆறிய பிறகு திரும்ப வரும்.

கடைசியாக உங்கள் மாமனார் சொன்ன யோசனை. பெரியவர் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார், ஆனால் இந்த நோயில் அந்தக் கணக்கு உதைக்கிறது. அம்மை வந்து பிழைத்த கோழிக்கு அது பெரும்பாலும் திரும்ப வராது. அவற்றை அறுத்துவிட்டுத் தடுப்பூசி போடாத புதுக் குஞ்சுகளை வாங்கி, பொருக்குத் தூள் கிடக்கும் அதே கூண்டில் விட்டால், அடுத்த மழைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இப்போதைக்குப் புதுக் கோழி எதுவும் உள்ளே வர வேண்டாம். கடைசிப் பொருக்கும் உதிர்ந்த பிறகு கூண்டுத் தரையில் உள்ள குப்பையை வாரி எரித்துவிட்டு அல்லது ஆழமாகப் புதைத்துவிட்டு, கம்புகளைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, குளோராக்ஸ் கலந்த தண்ணீர் அடித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். சோப்புப் போடாமல் நேரே குளோராக்ஸ் ஊற்றினால் எச்சத்தின் மேலேயே அது செத்துப்போகும். புதுக் குஞ்சு வாங்கினால் 6 முதல் 10 வார வயதுக்குள் தடுப்பூசி போட்டு, வேறு கூண்டில் வைத்து, குத்திய இடத்தில் பொருக்கு வந்து உதிர்ந்ததைப் பார்த்த பிறகு பழைய கோழிகளோடு சேர்த்துவிடுங்கள். இன்று வாயைத் திறந்து பார்த்ததும் மூச்சு வழி எப்படி இருந்தது, மூன்றாவது கோழியின் சளி நாறுகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள், மருத்துவரிடம் இன்றே ஓட வேண்டுமா, திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.